டிஸ்க்பார்ட் கொண்டு ஒரே ஒரு பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்யும் முறை

விண்டோஸ் எக்ஸ்பி காலம் முதல் ஒவ்வொரு விண்டோஸ் பதிப்புடனும் சேர்ந்தே வரும் டிஸ்க்பார்ட் என்னும் கட்டளைவரிக் கருவி, டிஸ்க்கைப் பார்ட்டிஷன் எனப்படும் பகுதிகளாகப் பிரிக்கவும், பார்ட்டிஷனை நீக்கவும், ஃபார்மட் செய்யவும், டிரைவ் எழுத்து கொடுக்கவும் வல்லது. ஆனால் ஃபார்மட் செய்யச் சொல்லிவிட்டால், உறுதியாகத்தான் சொல்கிறீர்களா என்று அது ஒருமுறைகூடத் திருப்பிக் கேட்பதில்லை. என்டர் விசையை அழுத்திய கணமே வேலையைத் தொடங்கிவிடுகிறது. ஆகவே இந்தக் கருவியோடு வேலை செய்யும்போது முக்காலே மூன்று வீசம் உழைப்பு, எந்த டிஸ்க், அதில் எந்தப் பார்ட்டிஷன் என்பதை உறுதி செய்துகொள்வதிலேயே செலவாக வேண்டும். ஃபார்மட் என்பது அதற்குப் பிறகு வரும் ஒரே ஒரு வரி. இந்த வழிகாட்டியும் அந்த விகிதத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது.

இதிலுள்ள கட்டளைகள் யாவும் ஆங்கிலத்தில் நாம் அன்றாடம் காணும் சொற்களே. அவற்றை இங்கே ஒலிப்பின்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்; கணினியில் அதே சொற்களை ஆங்கில எழுத்தில், இங்கே காட்டியுள்ள இடைவெளிகளோடும் சமக்குறிகளோடும் தட்டச்சு செய்ய வேண்டும். பெரிய எழுத்தா சிறிய எழுத்தா என்ற வேறுபாட்டை டிஸ்க்பார்ட் பொருட்படுத்துவதில்லை.

விளக்கத்திற்கு ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கணினிக்குள் 512 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் அதில்தான் இயங்குகிறது. வெளியிலிருந்து யுஎஸ்பி வழியாக 1 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்றை இணைக்கப் போகிறோம். அந்த ஹார்டு டிஸ்க்கில் இரண்டு பார்ட்டிஷன்கள் உள்ளன: முதலாவதில் குடும்பப் படங்களும் ஆவணங்களும் இருக்கின்றன, அவற்றைத் தொடக்கூடாது, இரண்டாவது 431 ஜிபி அளவுள்ளது, அதை மட்டும் ஃபார்மட் செய்து புதிதாகப் பயன்படுத்த வேண்டும். டிஸ்க் முழுவதையும் வெறுமையாக்குவதைவிட இது நுட்பமான வேலை. நடைமுறையில் பெரும்பாலோருக்குத் தேவைப்படுவதும் இதுதான்.

தொடங்கும் முன்

முதல் வேலை, ஃபார்மட் செய்யப்போகும் பார்ட்டிஷனில் தேவையான கோப்பு எதுவும் மிஞ்சியிருக்கவில்லை என்பதைப் பார்ப்பது. மறைக்கப்பட்ட கோப்புகளையும் காட்டும்படி ஃபைல் எக்ஸ்ப்ளோரரை அமைத்துக்கொண்டு பாருங்கள். நகலெடுக்க வேண்டியவை இருந்தால் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து, நகலைத் திறந்து படித்துப் பார்த்த பிறகே மேலே செல்லுங்கள். அதே டிஸ்க்கிலுள்ள இன்னொரு பார்ட்டிஷனில் நகலெடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். டிஸ்க்கைத் தேர்ந்தெடுப்பதிலோ பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுப்பதிலோ பிழை நேர்ந்தால் மூலமும் நகலும் ஒருசேரப் போய்விடக்கூடும். தொடக்கூடாது என்று சொன்ன முதல் பார்ட்டிஷனுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்: அதன் நகலும் வேறிடத்தில் இருக்கும்போதுதான் இந்த வேலையை அமைதியாகச் செய்ய முடியும்.

அடுத்து, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அந்தப் பார்ட்டிஷனின் டிரைவ் எழுத்து, பெயர், அளவு, கோப்பு முறைமை (கோப்புகளை டிஸ்க்கில் ஒழுங்குபடுத்தி வைக்கும் முறை) ஆகிய நான்கையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவ் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து பிராப்பர்ட்டீஸ் பக்கத்தைத் திறந்தால் நான்கும் ஒரே இடத்தில் கிடைக்கும். பார்ட்டிஷனுக்குப் பெயர் இல்லையென்றால், 'பழையது' என்பது போன்ற பொருளுடைய ஒரு பெயரை இப்போதே ஆங்கில எழுத்தில் வைத்துவிடுங்கள். டிஸ்க்பார்ட்டின் பட்டியலில் அந்தப் பெயர் கண்ணில் படும்போது கிடைக்கும் உறுதி, எண்களை மட்டும் வைத்துக் கிடைப்பதில்லை.

இந்த வேலைக்குத் தேவையில்லாத பென் டிரைவ், மெமரி கார்டு, பிற ஹார்டு டிஸ்க் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். மடிக்கணினியாக இருந்தால் மின்னிணைப்பில் வைத்திருங்கள். ஃபார்மட் நடுவில் நின்றுபோனால் பார்ட்டிஷன் படிக்க முடியாத நிலையில் விடப்படும். விண்டோஸின் குறியாக்க வசதியான பிட்லாக்கர் கொண்டு பூட்டப்பட்ட பார்ட்டிஷன் என்றால், ஃபார்மட்டுக்குப் பிறகு அந்தப் பூட்டும் இருக்காது என்பதை நினைவில் கொண்டு, வேண்டுமானால் பிறகு புதிதாகப் பூட்டிக்கொள்ளுங்கள்.

டிஸ்க்கை அடையாளம் காணுதல்

ஸ்டார்ட் மெனுவில் சிஎம்டி என்று தேடி, கமாண்ட் பிராம்ட் மீது வலப்பக்கச் சொடுக்குச் செய்து, 'ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறக்கும் சாளரத்தில் பின்வரும் சொல்லை இடைவெளியின்றி ஒரே சொல்லாகத் தட்டச்சு செய்து என்டர் அழுத்துங்கள்.

டிஸ்க்பார்ட்

சில நொடிகளில் வரியின் தொடக்கம் மாறி, டிஸ்க்பார்ட் என்ற பெயரையே தாங்கி நிற்கும். இனி நீங்கள் தட்டச்சு செய்யும் ஒவ்வொன்றையும் இந்தக் கருவிதான் பெற்றுக்கொள்ளும். வெளி ஹார்டு டிஸ்க்கை முன்பே இணைத்துப் பார்த்திருந்தால் பாதுகாப்பாக வெளியேற்றிக் கழற்றிவிடுங்கள்; இன்னும் இணைக்க வேண்டாம். அதை இணைக்கும் முன்பே ஒருமுறை பட்டியலைக் கேளுங்கள்.

லிஸ்ட் டிஸ்க்

நம் எடுத்துக்காட்டில் டிஸ்க் 0 என்ற ஒரே வரி மட்டும் தோன்றும். அதன் அளவு 476 ஜிபி என்று இருக்கும். இப்போது வெளி ஹார்டு டிஸ்க்கை இணைத்து, விண்டோஸ் அதை அறிந்துகொள்ளும்வரை சற்றுப் பொறுத்திருந்து, அதே கட்டளையை மீண்டும் கொடுங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் வரி எதுவோ அதுதான் உங்கள் டிஸ்க். அளவை வைத்து ஊகிப்பதைவிட இந்த முன்–பின் ஒப்பீடு பல மடங்கு நம்பகமானது. அதிலும், ஒரே நிறுவனத்தின் ஒரே அளவுள்ள இரண்டு டிஸ்க்குகளை ஒரே கணினியில் வைத்திருப்பவர்களுக்கு இதைவிட எளிய வழி இல்லை. டிஸ்க் வரவில்லையென்றால் 'ரீஸ்கேன்' என்ற கட்டளையைக் கொடுத்துவிட்டு மறுபடி பட்டியலைப் பாருங்கள்.

அளவைக் குறித்து ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. டிஸ்க் தயாரிப்பவர்கள் 1 டிபி என்பதை ஒரு லட்சம் கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1,024 என்ற பெருக்கத்தில் கணக்கிட்டுவிட்டு, அலகின் பெயரை மட்டும் அதேபோல ஜிபி என்று எழுதுகிறது. அதனால்தான் 1 டிபி டிஸ்க் 931 ஜிபி என்றும், 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்றும், 2 டிபி டிஸ்க் 1,863 ஜிபி என்றும் தெரிகின்றன. அட்டைப் பெட்டியில் போட்ட அளவும் திரையில் தெரியும் அளவும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்பி, வேறு எண்ணைத் தேர்ந்தெடுத்துவிடக் கூடாது.

பட்டியலில் வரும் எண்களை நிலையானவை என்று எண்ண வேண்டாம். கணினியை மறுபடி தொடங்கினாலோ, வேறு சாதனங்களைச் சேர்த்தாலோ கழற்றினாலோ அவை மாறக்கூடும். நேற்று டிஸ்க் 1 ஆக இருந்தது இன்று டிஸ்க் 2 ஆக இருக்கலாம். டிஸ்க்பார்ட் கட்டளைகளை ஒரு கோப்பில் எழுதிவைத்து மொத்தமாக இயக்கும் வசதி உண்டு. நிர்வாகிகள் நூற்றுக்கணக்கான கணினிகளில் விண்டோஸ் நிறுவும்போது அதைப் பயன்படுத்துவார்கள். தரவு உள்ள டிஸ்க்கில், எண்ணை நிலையாக எழுதிவைத்த அத்தகைய கோப்பை இயக்குவது மிகுந்த ஆபத்து என்பது என் திடமான கருத்து.

இனி டிஸ்க்கைத் தேர்ந்தெடுக்கலாம்.

செலக்ட் டிஸ்க் 1

டிஸ்க் 1 தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற பதில் வரும். அதோடு நின்றுவிடாமல் உடனே அடுத்த கட்டளையையும் கொடுங்கள்.

டீடெய்ல் டிஸ்க்

இது எந்த மாற்றத்தையும் செய்யாது, தகவலை மட்டும் காட்டும். முதல் வரியில் டிஸ்க்கின் மாடல் பெயர் இருக்கும். அதன் கீழே யுஎஸ்பி, சாட்டா, என்விஎம்இ என்று இணைப்பின் வகை இருக்கும். நாம் தேடுவது வெளியிலிருந்து இணைத்த டிஸ்க் என்பதால் யுஎஸ்பி என்று இருக்க வேண்டும். இன்னும் கீழே 'பூட் டிஸ்க்' என்றொரு வரி வரும்; அதற்கு நேராக 'நோ' என்று இருக்க வேண்டும். 'எஸ்' என்று இருந்தால் நீங்கள் தேர்ந்தெடுத்திருப்பது விண்டோஸ் இயங்கிக்கொண்டிருக்கும் டிஸ்க். உடனே நிறுத்திவிட்டுத் தொடக்கத்திலிருந்து வாருங்கள். கடைசியில் அந்த டிஸ்க்கிலுள்ள வால்யூம்களின் (டிரைவாகப் பயன்படும் பகுதிகளின்) பட்டியல், டிரைவ் எழுத்தோடும் பெயரோடும் வரும். தாளில் குறித்து வைத்ததோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

பார்ட்டிஷனை அடையாளம் காணுதல்

லிஸ்ட் பார்ட்டிஷன்

தேர்ந்தெடுத்த டிஸ்க்கிலுள்ள பார்ட்டிஷன்களை இது எண், வகை, அளவு, தொடங்கும் இடம் என்ற வரிசையில் காட்டும். நம் எடுத்துக்காட்டில் 500 ஜிபி அளவில் முதலாவதும் 431 ஜிபி அளவில் இரண்டாவதும் தெரியும். டிஸ்க்குகளுக்கும் வால்யூம்களுக்கும் எண் 0 இலிருந்து தொடங்க, பார்ட்டிஷன்களுக்கு மட்டும் 1 இலிருந்து தொடங்குகிறது. அதைவிட முக்கியமானது, பார்ட்டிஷன் எண்கள் ஒவ்வொரு டிஸ்க்கிலும் புதிதாகத் தொடங்குகின்றன என்பது. உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியிலும் ஒரு 'பார்ட்டிஷன் 2' உண்டு, வெளி ஹார்டு டிஸ்க்கிலும் ஒரு 'பார்ட்டிஷன் 2' உண்டு. பார்ட்டிஷன் 2 என்று நீங்கள் சொல்லும்போது, எந்த டிஸ்க்கை முன்பு தேர்ந்தெடுத்து வைத்தீர்களோ அதன் இரண்டாவது பார்ட்டிஷனைத்தான் டிஸ்க்பார்ட் புரிந்துகொள்கிறது. இந்தக் கருவியால் நேரும் இழப்புகளுக்கு வாசல் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் திறக்கிறது; பார்ட்டிஷன் எண் சரியாக இருந்தும் டிஸ்க் மாறியிருந்தால் விளைவு ஒன்றே.

ஜிபிடி என்ற பார்ட்டிஷன் அட்டவணை முறையில் பிரிக்கப்பட்ட டிஸ்க்கில் 'ரிசர்வ்டு' என்ற வகையில் 16 எம்பி அளவுள்ள சிறிய பார்ட்டிஷன் ஒன்று முதலில் நிற்பதுண்டு. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் அது தெரியாது. ஆகவே எக்ஸ்ப்ளோரரில் இரண்டாவதாகத் தெரியும் டிரைவ், இங்கே பார்ட்டிஷன் 3 ஆக இருக்கலாம். 'சிஸ்டம்', 'ரிசர்வ்டு', 'ரெகவரி' என்று வகை குறிக்கப்பட்ட எதையும் தொட வேண்டாம். லினக்ஸும் விண்டோஸும் ஒரே கணினியில் வைத்திருப்பவர்கள் இன்னும் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்: லினக்ஸின் இஎக்ஸ்டி4 கோப்பு முறைமையை விண்டோஸ் படிப்பதில்லை என்பதால், நிறைய கோப்புகள் உள்ள லினக்ஸ் பார்ட்டிஷன்கூட இங்கே பெயரில்லாமல், கோப்பு முறைமை இல்லாத வெற்றிடம் போலவே தோன்றும். இதே காரணத்தால், அத்தகைய டிஸ்க்கை இணைத்தவுடன் 'இதைப் பயன்படுத்தும் முன் ஃபார்மட் செய்ய வேண்டும்' என்று விண்டோஸ் தானாகவே ஒரு பெட்டியைக் காட்டுவதும் உண்டு. அதை ஏற்கக் கூடாது. ரத்து செய்துவிட்டு, அது எந்த இயங்குதளத்தில் பயன்பட்ட டிஸ்க் என்று விசாரியுங்கள்.

இப்போது பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்து, முன்போலவே விவரத்தையும் கேளுங்கள்.

செலக்ட் பார்ட்டிஷன் 2

டீடெய்ல் பார்ட்டிஷன்

விவரத்தின் இறுதியில், அந்தப் பார்ட்டிஷனில் அமைந்துள்ள வால்யூமின் வரி நட்சத்திரக் குறியோடு வரும். அதில் உங்கள் தாளிலுள்ள டிரைவ் எழுத்து, பெயர், அளவு, கோப்பு முறைமை நான்கும் அப்படியே இருக்க வேண்டும். மூன்று பொருந்தி ஒன்று பொருந்தவில்லை என்றாலும், அந்த ஒன்று ஏன் மாறியது என்பது விளங்காமல் மேலே செல்ல வேண்டாம். கடைசியாக 'லிஸ்ட் வால்யூம்' என்று கொடுத்து, எல்லா டிஸ்க்குகளின் வால்யூம்களும் ஒன்றாகத் தெரியும் பட்டியலில் நட்சத்திரம் எந்த வரியின் முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். ஃபார்மட் கட்டளை அந்த நட்சத்திரம் நிற்கும் வால்யூமைத்தான் அழிக்கும்.

டிஸ்க்பார்ட்டை மூடிவிட்டு மறுபடி திறந்தால் இந்தத் தேர்வுகள் நீங்கிவிடும். அப்போது டிஸ்க் தேர்விலிருந்து மீண்டும் வர வேண்டும்.

விண்டோஸ் தொடங்காத கணினியில், நிறுவல் பென் டிரைவிலிருந்து தொடங்கி, ஷிஃப்ட்டும் எஃப்10 விசையும் அழுத்திக் கமாண்ட் பிராம்ட்டைத் திறந்து டிஸ்க்பார்ட்டைப் பயன்படுத்துபவர்கள் டிரைவ் எழுத்தை நம்பவே கூடாது. அந்தச் சூழல் தன் போக்கில் எழுத்துகளை வழங்குவதால், வழக்கமாக சி என்று அறியப்பட்டது அங்கே டி ஆகவோ இ ஆகவோ இருக்கலாம். பெயரும் அளவும்தான் அங்கே துணை. இயங்கிக்கொண்டிருக்கும் விண்டோஸ், தன் சொந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்ய மறுக்கும். நிறுவல் சூழலில் அந்தப் பாதுகாப்பும் இல்லை.

கோப்பு முறைமையைத் தேர்ந்தெடுத்தல்

விண்டோஸ் கணினிகளில் மட்டும் பயன்படப்போகும் பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ் போதும். வேறு யோசனை தேவையில்லை. 1993 இல் விண்டோஸ் என்டி 3.1 உடன் வந்த இந்த முறைமை, மாற்றங்களை முதலில் ஒரு பதிவேட்டில் எழுதிக்கொண்டு செயல்படுவதால், மின்சாரம் திடீரென்று நின்றாலும் தன் கட்டமைப்பைச் சீர்ப்படுத்திக்கொள்ளும் திறன் கொண்டது. ஆனால் மேக் கணினிகள் என்டிஎஃப்எஸ் டிஸ்க்கைப் படிக்குமே தவிர, கூடுதல் மென்பொருள் இல்லாமல் அதில் எழுதாது. மேக், லினக்ஸ், கேமரா என்று பல இடங்களுக்கும் போய்வர வேண்டிய டிஸ்க்குக்கு எக்ஸ்ஃபேட் (exFAT) ஏற்றது. மைக்ரோசாஃப்ட் 2019 இல் அதன் வரையறையை வெளியிட்ட பிறகு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே அதற்கான ஆதரவு சேர்ந்துவிட்டது. எனினும் எக்ஸ்ஃபேட்டில் என்டிஎஃப்எஸ் போன்ற பதிவேடு கிடையாது. பாதுகாப்பாக வெளியேற்றாமல் பிடுங்கினால் கோப்புகள் சிதைய வாய்ப்பு அதிகம்.

ஃபேட்32 மிகப் பழைய சாதனங்களுக்கும், சில கார் ஸ்டீரியோக்களுக்கும், கணினியைத் தொடங்கவைக்கும் சிறு பார்ட்டிஷன்களுக்கும் மட்டுமே இன்று தேவைப்படுகிறது. அதில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபி அளவை எட்ட முடியாது. நீண்ட காணொளியை நகலெடுக்க முயல்பவர்கள், டிஸ்க்கில் இடம் காலியாக இருந்தும் இடமில்லை என்பது போன்ற பிழையைச் சந்திப்பது இதனால்தான்.

ஃபார்மட் கட்டளை

ஃபார்மட் எஃப்எஸ்=என்டிஎஃப்எஸ் லேபல்="பேக்கப்" குயிக்

இதில் 'எஃப்எஸ்' என்பதற்குப் பிறகு கோப்பு முறைமையின் பெயர் வருகிறது; எக்ஸ்ஃபேட் வேண்டுமென்றால் அந்த இடத்தில் அதை எழுதலாம். 'லேபல்' என்பதற்குப் பிறகு மேற்கோள் குறிகளுக்குள் வருவது பார்ட்டிஷனுக்கு நீங்கள் வைக்கும் பெயர். இது உங்கள் விருப்பம். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. இறுதியில் வரும் 'குயிக்' என்ற சொல்தான் விரைவு ஃபார்மட்டா முழு ஃபார்மட்டா என்பதை முடிவு செய்கிறது. அந்தச் சொல்லை விட்டுவிட்டால் முழு ஃபார்மட் நடக்கும்.

இவ்விரண்டின் வேறுபாட்டைப் புரிந்துகொள்வது அவசியம். விரைவு ஃபார்மட், கிராம நிர்வாக அலுவலர் தம் அடங்கல் பதிவேட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வெற்றுப் பதிவேடு ஒன்றை வைப்பது போன்றது; நிலத்தில் நின்ற பயிர் அப்படியே நிற்கிறது, எது எங்கே இருக்கிறது என்ற குறிப்புதான் இல்லை. அதனால் அது சில நொடிகளில் முடிகிறது. அதனாலேயே, புதிய கோப்புகள் மேலே எழுதப்படும்வரை பழைய கோப்புகளில் பலவற்றை மீட்பு மென்பொருள்களால் எடுத்துவிடவும் முடிகிறது. முழு ஃபார்மட், விண்டோஸ் விஸ்டா முதல், பார்ட்டிஷன் முழுவதிலும் சுழியங்களை எழுதுகிறது. எக்ஸ்பி வரையில் அது பழுதடைந்த இடங்களைச் சோதிப்பதோடு நின்றது. ஆகவே எக்ஸ்பி காலத்தில் எழுதப்பட்ட குறிப்புகளை இன்றைக்கும் அப்படியே பின்பற்ற முடியாது. நொடிக்கு 100 எம்பி வேகத்தில் எழுதும் ஹார்டு டிஸ்க்கில் நம் 431 ஜிபி பார்ட்டிஷனை முழுமையாக ஃபார்மட் செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டால், நல்ல நிலையிலுள்ள டிஸ்க்கை நீங்களே தொடர்ந்து பயன்படுத்தப் போகிறீர்கள் என்றால் விரைவு ஃபார்மட் போதும். பழைய ஹார்டு டிஸ்க், அதன் நலனில் ஐயம் இருக்கிறது, அல்லது அதை இன்னொருவருக்குக் கொடுக்கப் போகிறீர்கள் என்றால் நேரம் ஆனாலும் முழு ஃபார்மட் செய்யுங்கள். எஸ்எஸ்டியில் நிலை வேறு. அங்கே முழு ஃபார்மட் தேவையில்லாமல் எழுதும் சுமையைக் கூட்டும். அதே நேரம், எஸ்எஸ்டி தன் உள்ளே ஒதுக்கி வைத்திருக்கும் இடங்களை ஃபார்மட் எட்டுவதில்லை என்பதால் தரவு முற்றிலும் அழிந்தது என்று உறுதி சொல்லவும் முடியாது. விற்கப்போகும் எஸ்எஸ்டிக்குத் தயாரிப்பாளர் தரும் பாதுகாப்பு அழிப்புக் கருவியே சரியான வழி.

'யூனிட்' என்று ஒரு கூடுதல் குறிப்பும் உண்டு. கோப்புகளுக்கு இடம் ஒதுக்கும் அடிப்படை அலகை அது பைட்டில் குறிக்கும். எதுவும் சொல்லாவிட்டால் 16 டிபி வரையுள்ள என்டிஎஃப்எஸ் பார்ட்டிஷனுக்கு 4 கேபி என்று விண்டோஸே எடுத்துக்கொள்ளும். வீட்டுப் பயன்பாட்டில் அதை மாற்ற எந்தக் காரணமும் இல்லை.

பெயரைத் தமிழில் வைக்க விரும்புவோர்க்கு ஒரு சொல். என்டிஎஃப்எஸ் பெயருக்கு 32 குறிகள் வரை இடம் உண்டு. ஃபேட்32, எக்ஸ்ஃபேட் இரண்டிலும் 11 மட்டுமே. தமிழில் 'கு' என்பது மெய்க்கு ஒன்று, உயிர்க்குறிக்கு ஒன்று என இரண்டு குறிகளாகவும், 'ம்' என்பது புள்ளியோடு சேர்ந்து இரண்டு குறிகளாகவும் எண்ணப்படும். 'குடும்பப் படங்கள்' என்ற பெயர் 17 குறிகளாகி, எக்ஸ்ஃபேட்டில் இடம் கொள்ளாது. மேலும் பழைய கமாண்ட் பிராம்ட் சாளரம் தமிழ் எழுத்துகளைச் சரியாகக் கோத்துக் காட்டுவதில்லை. ஆகவே இங்கே எளிய ஆங்கிலப் பெயரைக் கொடுத்துவிட்டு, வேலை முடிந்த பிறகு ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் தமிழுக்கு மாற்றிக்கொள்வது நல்லது.

கட்டளையைத் தட்டச்சு செய்து முடித்ததும் என்டர் அழுத்தாமல் ஒரு கணம் நிறுத்தி, மேலே திரையிலுள்ள நட்சத்திர வரியை மீண்டும் படியுங்கள். பிறகு அழுத்துங்கள். எத்தனை விழுக்காடு முடிந்தது என்பது ஓடிக்கொண்டே வந்து, வால்யூம் வெற்றிகரமாக ஃபார்மட் செய்யப்பட்டது என்ற செய்தியோடு நிற்கும். டிரைவ் எழுத்து இல்லையென்றால் பின்வருமாறு கொடுக்கலாம்.

அசைன் லெட்டர்=எஃப்

பிறகு 'எக்ஸிட்' என்று கொடுத்து வெளியேறுங்கள். வெறும் கமாண்ட் பிராம்ட்டில் 'செக்டிஸ்க்' (chkdsk என்று தட்டச்சு செய்ய வேண்டும்) கருவியை அந்த டிரைவ் எழுத்தோடு இயக்கினால் கட்டமைப்பு சரியாக உள்ளதா என்று சொல்லிவிடும். பெரிய கோப்பு ஒன்றை நகலெடுத்து, டிஸ்க்கைப் பாதுகாப்பாக வெளியேற்றி, மறுபடி இணைத்து அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். தொடக்கூடாது என்று வைத்திருந்த முதல் பார்ட்டிஷனையும் திறந்து, படங்கள் இருக்கின்றனவா என்று பார்க்க மறக்க வேண்டாம்.

டிஸ்க்பார்ட்டுக்குள் செல்லாமல், கமாண்ட் பிராம்ட்டிலேயே தனியாக ஒரு ஃபார்மட் கட்டளையும் இருக்கிறது. டிரைவ் எழுத்து உள்ள பார்ட்டிஷனுக்கு, புதிதாகக் கற்பவர்கள் அதையே பயன்படுத்துவது நல்லது என்று நினைக்கிறேன். ஹார்டு டிஸ்க் பார்ட்டிஷனுக்கு ஏற்கெனவே பெயர் இருந்தால், அந்தப் பெயரை நீங்கள் சரியாகத் தட்டச்சு செய்த பிறகே அது மேலே செல்லும். தரவு யாவும் அழியும் என்று எச்சரித்து ஒப்புதலும் கேட்கும். தொடக்கத்தில் பார்ட்டிஷனுக்குப் பெயர் வைக்கச் சொன்னதன் பயன் இங்கே இரட்டிப்பாகிறது. டிரைவ் எழுத்து இல்லாதபோதும், நிறுவல் சூழலில் பார்ட்டிஷன் அமைப்பையே சீரமைக்கும்போதும் டிஸ்க்பார்ட் தேவைப்படும்.

'கிளீன்' என்ற கட்டளை

டிஸ்க்பார்ட் பற்றிய குறிப்புகளில் பல, டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தவுடன் 'கிளீன்' என்று கொடுக்கச் சொல்கின்றன. பென் டிரைவ் முழுவதையும் புதிதாக்கும் வேலைக்கு எழுதப்பட்ட குறிப்பு அது. அந்தக் கட்டளை, நீங்கள் எந்தப் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்திருந்தாலும் அதைப் பொருட்படுத்தாமல், டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணையையே அழித்து, டிஸ்க் முழுவதையும் ஒதுக்கப்படாத இடமாக்கிவிடும். நம் எடுத்துக்காட்டில் அதைக் கொடுத்தால் குடும்பப் படங்கள் உள்ள முதல் பார்ட்டிஷனும் சேர்ந்தே மறையும். அதோடு 'ஆல்' என்ற சொல்லைச் சேர்த்தால் டிஸ்க் முழுவதிலும் சுழியம் எழுதப்பட்டு மீட்புக்கே வழியில்லாமல் போகும். ஒரு பார்ட்டிஷனை மட்டும் ஃபார்மட் செய்ய 'கிளீன்' எந்த நிலையிலும் தேவையில்லை. 'ஆல்' சேர்க்காமல் தவறுதலாகக் கொடுத்துவிட்டால், அந்த டிஸ்க்கில் எதையும் எழுதாமல், புதிய பார்ட்டிஷன் எதையும் உருவாக்காமல் உடனே கழற்றிவிடுங்கள். அட்டவணை மட்டும் போயிருக்கும் நிலையில் மீட்பு மென்பொருள்களுக்கு நல்ல வாய்ப்பு உண்டு.

வேலை நின்றுபோகும் இடங்கள்

வால்யூம் எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்ற செய்தி வந்தால் பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுக்கும் படியை விட்டுவிட்டீர்கள் என்று பொருள். வால்யூமின் அளவு மிகப் பெரிது என்று வந்தால், 32 ஜிபி அளவைத் தாண்டிய பார்ட்டிஷனை ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்ய முயன்றிருக்கிறீர்கள். அந்த வரம்பு விண்டோஸின் பல பதிப்புகளில் ஃபார்மட் கருவிகள் நெடுங்காலமாக வைத்திருந்தது, எக்ஸ்ஃபேட்டுக்கு மாறினால் தீரும்.

பார்ட்டிஷன் பயன்பாட்டில் இருக்கிறது என்று மறுத்தால், அதிலுள்ள கோப்பைத் திறந்து வைத்திருக்கும் நிரல்களையும் ஃபைல் எக்ஸ்ப்ளோரர் சாளரங்களையும் மூடிவிட்டு மீண்டும் முயலுங்கள். கட்டளையின் இறுதியில் 'ஓவர்ரைடு' என்று சேர்த்தால் திறந்திருக்கும் இணைப்புகளைத் துண்டித்துவிட்டு ஃபார்மட் நடக்கும். ஆனால், பயன்பாட்டில் இருக்கிறது என்ற செய்தி பல நேரங்களில் தவறான பார்ட்டிஷனைத் தேர்ந்தெடுத்திருப்பதன் அறிகுறி. ஆகவே அந்தச் சொல்லைச் சேர்க்கும் முன் நட்சத்திரத்தை மறுபடி பாருங்கள்.

எழுதத் தடை இருக்கிறது என்ற செய்தி வந்தால், மெமரி கார்டின் பக்கவாட்டிலுள்ள சிறு பூட்டை முதலில் கவனியுங்கள். அது இல்லையென்றால், டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்த நிலையில் பின்வருமாறு கொடுங்கள்.

அட்ரிப்யூட்ஸ் டிஸ்க் கிளியர் ரீட்ஒன்லி

அதன் பிறகும் தடை நீங்காத பென் டிரைவ், பெரும்பாலும் தன் ஆயுள் முடிந்து, இருக்கும் தரவையாவது படிக்க விட்டு எழுதும் வழியை நிரந்தரமாக மூடிக்கொண்டதாக இருக்கும். எந்தக் கட்டளையும் அதைத் திறக்காது. கோப்புகளை எடுத்துக்கொண்டு அதை ஒதுக்கிவிட வேண்டியதுதான்.

உள்ளீடு வெளியீட்டுப் பிழை என்று வந்து ஃபார்மட் பாதியில் நின்றால், யுஎஸ்பி வடத்தை மாற்றி, கணினியின் வேறொரு துளையில் நேரடியாக இணைத்து மறுபடி முயலுங்கள். பல டிஸ்க்குகள் இணைந்த யுஎஸ்பி ஹப் வழியாக வரும் போதிய மின்சாரமின்மையும் இதே பிழையைத் தரும். விண்டோஸின் இன்னொரு கட்டளைவரிச் சாளரமான பவர்ஷெல்லில் 'கெட்' என்ற சொல்லையும், ஒரு இணைப்புக்கோட்டையும், 'பிசிக்கல்டிஸ்க்' என்பதை ஒரே சொல்லாகவும் சேர்த்துத் தட்டச்சு செய்தால், ஒவ்வொரு டிஸ்க்கின் நலநிலையும் ஒரு நெடுவரிசையில் தெரியும். வடம் மாற்றியும் துளை மாற்றியும் அதே பிழை அதே விழுக்காட்டில் வருகிறதென்றால் டிஸ்க்கின் அந்தப் பகுதி பழுதடைந்திருக்கிறது. அந்த நிலையில் இரண்டாவது பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யும் முயற்சியை விட்டுவிட்டு, முதல் பார்ட்டிஷனிலுள்ள கோப்புகளை அன்றைக்கே வேறு டிஸ்க்குக்கு மாற்றுங்கள்.